இருபது பேர்ச் நிலத்தில் சத்துச் சோளம் நிலைக்குமா?

பிள்ளைமடுவத்து அக்கா

அனைவருக்கும் வணக்கம். தெமோதரைக்கு மேலே, ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் உள்ள ஒரு தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்தைப் பொறுப்பாகப் பார்த்துவருகிறேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் தேயிலை பிடுங்கப்பட்டுப் பல வருடங்களாகத் தரிசாகக் கிடந்த இருபது பேர்ச் நிலத்தை ஆறு குடும்பங்கள் சேர்ந்து கொத்திப் பண்படுத்தியிருக்கிறோம். ஐப்பசி மழையோடு சோளம் (மக்காச்சோளம்) போடுவதென்றும், விளைவதில் ஒரு பங்கை மடுவத்துப் பிள்ளைகளின் காலைக் கஞ்சிக்கு ஒதுக்குவதென்றும் பேசியிருக்கிறோம்.

1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவிலுள்ள கோத்தகிரிக்குப் போய்விட்ட எங்கள் சித்தப்பாவின் மகன் சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, இந்தியாவில் ‘உயர்தரப் புரதச் சோளம்’ என்று கலப்பினங்கள் இருப்பதாகவும், அவற்றின் புரதம் பாலின் புரதத்துக்குக் கிட்ட நிற்பதாகவும், யாராவது வரும்போது இரண்டு கிலோ விதை கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார். இதைப் பற்றி எனக்கு மூன்று சந்தேகங்கள். இந்தப் பேச்சு உண்மைதானா? எங்கள் உயரத்தில் அது விளையுமா? விளைந்ததிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்க முடியுமா?

பழைய பண்ணையாள்

தங்கச்சி, முதலாவது சந்தேகத்துக்குப் பதில் ‘உண்மைதான்’ என்பதே. விவசாய ஆராய்ச்சிப் பண்ணைகளில் முப்பது வருடம் உதவியாளராக வேலை செய்தவன் என்ற முறையில், கதையை அடியிலிருந்து சொல்கிறேன், சற்று நீளும்.

சோளத்தில் நூற்றுக்கு ஒன்பது, பத்துப் பங்கு புரதம் உண்டு. ஆனால் அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ‘சீயின்’ எனப்படும் வகை. அது முளைக்கும் நாற்றுக்கு நைதரசன் சேமித்து வைக்கும் களஞ்சியமே தவிர, பிள்ளையின் உடம்பைக் கட்டுவதற்கு வேண்டிய லைசின், டிரிப்டோபான் என்னும் இரண்டு அமினோ அமிலங்களும் அதில் இல்லையென்று சொல்லுமளவுக்குக் குறைவு. ஆகவே புரதத்தின் அளவைக் கூட்டினால் மட்டும் போதாது. இலினோய் பல்கலைக்கழகத்தில் 1896 இல் தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் புரதம் கூடிய கதிர்களையே தெரிந்தெடுத்து விதைத்து, 10.9 வீதமாக இருந்த புரதத்தை மும்மடங்கு அளவுக்கு உயர்த்தினார்கள். உயர்ந்ததில் பெரும்பங்கு சீயின்தான். வயலில் யூரியாவைக் கூட்டிப் போட்டாலும் இதே கதைதான்: புரதம் கூடும், அதற்குள் லைசினின் பங்கு குறையும்.

திருப்பம் 1963 இல் வந்தது. பர்டூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், லின் பேட்ஸ், ஒலிவர் நெல்சன் ஆகியோர், மணியில் ஒளி ஊடுருவாத ‘ஒப்பேக்-2’ என்னும் பழைய பிறழ்வு வகையைப் பகுத்துப் பார்த்தபோது, அதில் சீயின் குறைந்து, லைசின் நிறைந்த மற்றப் புரதங்கள் கூடியிருக்கக் கண்டார்கள். அந்தச் சோளத்தைத் தின்ற எலிக்குட்டிகள் சாதாரணச் சோளம் தின்றவற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் எடை கூடின. உலகமே கொண்டாடியது, விவசாயி கொண்டாடவில்லை. மணி சுண்ணாம்புக் கட்டி போல மென்மையாக இருந்தது, காய நாளெடுத்தது, கதிரிலேயே பூஞ்சணம் பிடித்தது, மூட்டையில் வண்டு விழுந்தது, விளைச்சலும் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைந்தது.

மெக்சிக்கோவிலுள்ள சிமிட் ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் விருத்தியாளர் சுரிந்தர் வாசலும் உயிர்வேதியியலாளர் எவஞ்செலினா வியேகாசும், அந்த மென்மையைக் கடினமாக்கும் துணை மரபணுக்களைத் தேடிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் மணிகளை ஒளிமேசையில் பரப்பி எவ்வளவு ஒளி புகுகிறது என்று தரம்பிரித்ததும், கூடவே ஆய்வுகூடத்தில் டிரிப்டோபானை அளந்ததும்தான் அந்த வேலை. பத்து, இருபது வருடப் பொறுமை. 2000 ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசு அவர்கள் இருவருக்கும் கிடைத்தது. உங்கள் தம்பி சொல்லும் உயர்தரப் புரதச் சோளம் இதுதான். சாதாரணச் சோள மணியின் மாப்பகுதிப் புரதத்தில் நூற்றுக்கு இரண்டளவில் நிற்கும் லைசின், இதில் நான்கை எட்டும்.

உவா மாணவி

சேர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பேராதனையில் விவசாயம் படிக்கிறேன். இப்போது ஒளிமேசையோடு மரபணுக் குறியீடுகளும் வந்துவிட்டன. ஒப்பேக்-2 மரபணுவுக்குள்ளேயே அமைந்த குறியீடுகள் இருப்பதால், நாற்றின் ஓர் இலைத்துண்டை வைத்தே அது அந்த மரபணுவைத் தாங்குகிறதா என்று சொல்லிவிடலாம். கதிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் அல்மோராவில் விவேக் ஹைபிரிட் 9 என்ற கலப்பினத்தின் தாய், தந்தை வழிகள் இரண்டையும் இந்த முறையில் மாற்றி, 2008 இல் விவேக் கியூபிஎம் 9 என்று வெளியிட்டார்கள் (கியூபிஎம் என்பது உயர்தரப் புரதச் சோளத்தின் ஆங்கிலச் சுருக்கம்). பிறகு டில்லியில் அதற்குள் கரோட்டினைக் கூட்டும் மரபணுவையும் சேர்த்து, 2017 இல் பூசா விவேக் கியூபிஎம் 9 மேம்படுத்தப்பட்டது என்று வெளியிட்டார்கள். அதில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டின் கிலோவுக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்றுக் கூடுதல். சாதாரண மஞ்சள் சோளத்தில் அது ஒன்று அல்லது இரண்டு மட்டுமே. விவேக் வகைகள் இமயமலைச் சரிவுகளுக்காக உருவாக்கப்பட்ட குறுகிய காலப் பயிர்கள் என்பதால், அக்காவின் உயரத்துக்கு அவை பொருந்தலாம் என்று நினைக்கிறேன்.

மஹியங்கனைச் சேனை

எல்லோருக்கும் வணக்கம். நான் பெரும்போகத்தில் நான்கு ஏக்கர் சோளம் செய்கிறவன். படித்தவர்கள் பேசுவதை மறுக்க வரவில்லை. ஆனால் விற்கிறவன் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து போகும் சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கே போகிறது. வாங்க வருபவர் ஈரப்பதம் பார்ப்பார், வண்டு பார்ப்பார், பூஞ்சணம் பார்ப்பார், நிறுப்பார். லைசின் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை. தீவன ஆலைக்காரர் குறைகிற லைசினைத் தூளாக வாங்கிக் கலந்துவிடுகிறார். அப்படியிருக்க, 2018 இல் வந்த படைப்புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் எனக்கு, விலையில் ஒரு சதமும் கூடாத ஒரு விதையை எதற்காகத் தேட வேண்டும்?

இன்னொன்று. மூன்று வருடத்துக்கு முன் வாரச்சந்தையில் ‘சத்துச் சோளம்’ என்று சொல்லி விற்ற விதையைக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். முளைத்தது, காய்த்தது, சாதாரணச் சோளத்துக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஏமாந்தேனா இல்லையா என்பதே இன்றுவரை எனக்குத் தெரியாது.

பழைய பண்ணையாள்

தம்பி சொன்ன கடைசி வரிதான் இந்தச் சோளத்தின் பெரிய இடைஞ்சல். பழைய ஒப்பேக்-2 மணியைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம், வெளிறிக் கிடக்கும். வாசலும் வியேகாசும் செய்த சாதனையே, அதைச் சாதாரண மணி போலக் கண்ணாடித்தன்மையோடு தோன்றவைத்ததுதான். எனவே நல்ல உயர்தரப் புரதச் சோளமும் சாதாரணச் சோளமும் கையில் ஒன்றாகவே தெரியும். ஆய்வுகூடத்தில் டிரிப்டோபானை அளந்தால் மட்டுமே தெரியும். விற்பவரின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லாத பொருளுக்குச் சந்தை கூடுதல் விலை கொடுப்பது அரிது.

தங்கச்சிக்கு ஒரு முன்னெச்சரிக்கை. யாரோ வரும்போது விதை கொடுத்தனுப்புவது வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் விதையை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. விதையோடு வரும் நோய், மதில் கட்டி நிறுத்தக்கூடியதல்ல. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்; சோளத்தைப் பற்றி மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தை விசாரிக்கும் வழி அவருக்குத் தெரியும்.

பிள்ளைமடுவத்து அக்கா

ஐயா, விதை வரவழைக்கும் யோசனையைக் கைவிட்டுவிட்டேன். தம்பிக்கும் சொல்லிவிட்டேன், சற்று மனத்தாங்கல்தான். ஆனால் முறைப்படி ஒருநாள் விதை கிடைத்தால் என்ற எண்ணத்தோடு மூன்றாவது சந்தேகத்தைத் திரும்பக் கேட்கிறேன். கலப்பினத்தில் விதை எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சத்தும் சேர்ந்தே போய்விடுமா? எங்கள் நிலத்துக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், ஒருவர் ஒவ்வொரு வருடமும் கடையில் வாங்கிய கலப்பினச் சோளம் போடுகிறார் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பழைய பண்ணையாள்

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

கலப்பினம் என்பது, ஆறேழு தலைமுறை தன் மகரந்தத்தாலேயே சேர்த்து ஒரே சீராக்கிய இரண்டு வழிகளை எடுத்து, ஒன்றின் ஆண்பூங்கொத்தைப் பூக்குமுன் பிடுங்கிவிட்டு, மற்றதன் மகரந்தத்தை அதில் விழவைத்துப் பெறும் விதை. அந்த முதல் தலைமுறைக்குத்தான் கலப்பு வீரியம் முழுதாக இருக்கும். அதன் மணியை விதைத்தால் வீரியத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும். செடிகளும் நெட்டையும் குட்டையுமாக நிற்கும். ஆனால் ஒப்பேக்-2 அப்படியல்ல. தாய், தந்தை இரண்டிலும் அந்த மரபணு இரட்டையாக இருப்பதால், பிள்ளையிலும் பேரப்பிள்ளையிலும் அது பிரிந்து போக இடமில்லை. பிரிவது மணியைக் கடினமாக்கும் துணை மரபணுக்கள்தான். எடுத்து வைத்த விதையில் சில கதிர்களில் வெளிறிய மென்மணிகள் தலைகாட்டும். அவற்றைக் கண்டால் விதை கெட்டது என்று எறியாதீர்கள். சத்து அங்கேயும் இருக்கிறது, வண்டுக்குத்தான் கொண்டாட்டம்.

இது உங்கள் நிலம் தனித்து நின்றால் மட்டும். ஒப்பேக்-2 ஒடுங்கிய பண்பு. சோள மணியின் மாப்பகுதி உருவாகும்போது தாயிடமிருந்து இரண்டு பங்கும் மகரந்தத்திடமிருந்து ஒரு பங்கும் சேர்கின்றன. அந்த ஒரு பங்கு சாதாரணச் சோளத்தினுடையதாக இருந்தால் போதும், மணி அந்த வருடமே சாதாரண மணியாகிவிடும். மாமரத்தில் பக்கத்து மரத்தின் மகரந்தம் விழுந்தாலும் பழத்தின் சுவை மாறுவதில்லை. சோளத்தில் நாம் தின்பதே அந்தக் கலப்பின் விளைவை. ஆகவே கீழே இருப்பவரின் வயலில் பூக்கும் நாளும் உங்கள் வயலில் கதிரின் நுனியில் பட்டு நூல் வெளிவரும் நாளும் ஒன்றானால், உங்கள் ஓரத்துக் கதிர்களில் ஒரு பகுதி மணி அவர் சோளமே. சத்து விதைப் பையில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது அயலில் எல்லோரும் என்ன விதைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

விதை உற்பத்தி செய்பவர்கள் குறைந்தது இருநூறு மீற்றர் இடைவெளி விடுவார்கள், அல்லது மூன்று நான்கு வாரம் பிந்தி விதைப்பார்கள். மலைநாட்டில் இரண்டாவதில் ஒரு பொறி உண்டு. கீழே ஆயிரம் அடி இறங்கினால் ஏறத்தாழ இரண்டு பாகை வெப்பம் கூடும்; அங்கே சோளம் முந்திப் பூக்கும். நீங்கள் முன்னால் விதைத்து, அவர் பிறகு விதைத்தாலும், இரண்டும் ஒரே வாரத்தில் பூப்பதற்கு இடமிருக்கிறது. எனவே விதைத்த நாளை நம்பாமல் பூக்கும் நாளைக் கணக்கிடுங்கள். முடியுமானால் அவர் முந்த, நீங்கள் பிந்துங்கள்.

தாய்சேய்

நான் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். வாரத்துக்கு நான்கு நாள் லயன் லயனாக ஏறி இறங்கி நிறை நிறுப்பவள். மரபணுப் பேச்சு எனக்குப் புதிது. பிள்ளைகளின் நிலை எனக்குப் பழையது. 2016 ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் நூற்றுக்கு 17 ஆக இருக்க, நுவரெலியா மாவட்டத்தில் 32 ஆக இருந்தார்கள். எனவே இந்தப் பேச்சு வீண் பேச்சல்ல.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். நூறு கிராம் சாதாரணச் சோளத்தில் கால் கிராமளவு லைசின் உண்டு. உயர்தரப் புரதச் சோளத்தில் அது 0.4 கிராமுக்கு அருகில் என்று வைப்போம். வித்தியாசம் கிராமில் ஆறிலொரு பங்குக்கும் குறைவு. பத்துக் கிராம் மைசூர்ப் பருப்பிலேயே ஏறத்தாழ அவ்வளவு லைசின் இருக்கிறது. பத்துக் கிராம் என்றால் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவு. தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவில் சோளத்தோடு சோயாவைச் சேர்ப்பதன் பொருளும் இதுதான்: தானியத்தில் லைசின் குறைவு, பருப்பு வகையில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் ஒன்றையொன்று நிரப்பும். பத்து வருடம் பயிர் விருத்தி செய்து பெறுவதை, அக்கா தன் கஞ்சியில் ஒரு கைப்பிடி பருப்பைப் போட்டு இன்றைக்கே பெறலாமே!

எங்கள் தோட்டங்களில் முதன்மை உணவு கோதுமை மா ரொட்டி என்பதையும் மறக்காதீர்கள். கோதுமை மாவிலும் சோளத்தைப் போலவே லைசின் குறைவுதான். ரொட்டியை விட்டுச் சாதாரணச் சோளத்துக்கு மாறுவதால் மட்டும் பிள்ளைக்குப் புரதத்தில் பெரிய ஆதாயம் இல்லை.

உவா மாணவி

தாய்சேய் மிஸ் சொல்லும் கணக்கை நானும் சரிபார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. எனினும் ஒரு மறுப்பு. நானும் லயத்தில் வளர்ந்தவள். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் எங்கள் வீட்டுப் பருப்புக் கறியில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும். 2022 இல் தேடியும் கிடைக்காது. பருப்பு கடையிலிருந்து வருவது, அதுவும் கப்பலில் வருவது. மணிக்குள்ளேயே சத்து இருந்தால், கையில் காசு இல்லாத வாரத்திலும் அது கஞ்சிக்குள் இருக்கும். பயிர் விருத்தி செய்கிறவர்களின் எண்ணமும் அதுவாகவே இருக்க வேண்டும்.

தாய்சேய்

தங்கச்சி, அந்த வாரத்தை நானும் அறிவேன். நிறைப்புத்தகத்தில் அது தெரியும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மறுமொழி பருப்பை நிலத்திலேயே வைத்துக்கொள்வது. சோள வரிசைகளுக்கிடையே போஞ்சியோ கௌபியோ போட்டு, ஒரு பகுதியைப் பச்சையாகப் பறிக்காமல் காயவிட்டு எடுத்தால், அது கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மஹியங்கனைச் சேனை

மிஸ், கௌபி எங்கள் வெப்பத்துக்கு ஏற்றது. 3,500 அடியில், மார்கழிக் குளிரில், அது சுணங்கும். அக்கா போஞ்சியே போடட்டும். அதுவும் கொடிப் போஞ்சியாக இருந்தால் சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகு போட வேண்டும். முந்தினால் கொடி சோளத்தை இழுத்துச் சாய்த்துவிடும். என் மாமியார் வெலிமடையில் இப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் சோளத்தில் கரோட்டின் பற்றி மாணவி எழுதியதில் ஒரு கேள்வி. எங்கள் சோளமும் நன்றாகச் சிவந்த மஞ்சள்தான். அதைத் தின்னும் கோழியின் முட்டைக் கருவும் அப்படியே. அப்படியானால் அதிலும் அந்த உயிர்ச்சத்து இருக்க வேண்டுமே?

உவா மாணவி

அண்ணா, நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. சாதாரணச் சோளத்தின் மஞ்சளில் பெரும்பகுதி லூட்டின், சியாசாந்தின் என்னும் நிறப்பொருள்கள். முட்டைக் கருவை மஞ்சளாக்குவதும் அவையே. கண்ணுக்கு அவை நல்லவை, ஆனால் உடம்பில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறுவதில்லை. மாறுவது பீட்டா கரோட்டின் முதலான சிலவே. அவற்றைக் கூட்டிய வகைகளிலும், மூட்டையில் மாதக்கணக்கில் வைத்தால் கரோட்டின் குறைந்துகொண்டே வரும் என்பதால், அறுத்த சூட்டோடு உண்பதே பயன்.

பழைய பண்ணையாள்

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. தாய்சேய் மிஸ்ஸோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் இல்லை. உயர்தரப் புரதச் சோளம் வேண்டியது பருப்பும் முட்டையும் எட்டாமல் சோளத்தையே மூன்று வேளையும் உண்ணும் நாடுகளுக்கு. கானாவில் 1992 இல் வெளியிட்ட ‘ஒபாத்தான்பா’ என்ற வகை ஆபிரிக்காவின் பல நாடுகளுக்குப் பரவியது. அந்தப் பெயருக்கு ‘நல்ல தாய்’ என்று பொருள் சொல்கிறார்கள். அது கலப்பினமல்ல, திறந்த மகரந்தச் சேர்க்கை வகை. விவசாயி விதை எடுத்து வைக்கலாம். பயிர் விருத்தியாளர்கள் கலப்பினத்தையே துரத்துவதில் எனக்கு எப்போதும் ஒரு குறை உண்டு: விளைச்சல் மேடையில் அது வெல்லும், ஆனால் வருடந்தோறும் விதை வாங்கக் காசில்லாத வீட்டுக்கு அது ஒரு போகத்து விருந்தாளி.

எனவே தங்கச்சி, இந்தப் போகத்துக்கு என் யோசனை இதுதான். நம் நாட்டுத் திறந்த மகரந்த வகைகளான பத்ரா அல்லது ரூவன் கிடைக்குமா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். இரண்டடி வரிசை, ஓரடி இடைவெளி என்று போட்டால் இருபது பேர்ச்சில் ஏறத்தாழ 2,700 செடி நிற்கும். நீண்ட ஒற்றை வரிசைகளாக அல்லாமல் சதுரமாக நடுங்கள். இல்லாவிட்டால் மகரந்தம் போதாமல் கதிர் பல்லுப்போன வாய் போலாகும். ஓரத்து இரண்டு வரிசைகளைக் கோழிக்கு விட்டுவிட்டு, விதைக்கான கதிர்களை உள்வரிசைகளிலிருந்து எடுங்கள். நாலைந்து பெரிய கதிர்களை மட்டும் எடுக்கக் கூடாது. ஐம்பது, அறுபது செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று போகத்தில் வகை நலிந்துவிடும். இந்தப் பழக்கம் கைவந்தால், பிற்பாடு உயர்தரப் புரத விதை முறைப்படி கிடைக்கும்போது அதைக் கலப்படமில்லாமல் காப்பதும் கைவரும்.

பிள்ளைமடுவத்து அக்கா

ஐயாவுக்கும், மிஸ்ஸுக்கும், தம்பிக்கும், தங்கச்சிக்கும் நன்றி. நேற்று மாலை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு ஆறு குடும்பமும் கூடினோம். பத்ரா கிடைத்தால் பத்ரா, இல்லாவிட்டால் போதனாசிரியர் சொல்லும் வகை, இடையில் போஞ்சி. கஞ்சியில் காய்ந்த போஞ்சியை அரைத்துச் சேர்ப்பதென்றும், அதுவரை மாதத்துக்கு ஒரு வீட்டார் ஒரு கிலோ பருப்பு மடுவத்துக்குக் கொடுப்பதென்றும் எழுதி வைத்திருக்கிறோம். கீழே சோளம் போடுகிறவரையும் போய்ப் பார்த்தேன். அவர் ஐப்பசி முதல் வாரத்தில் விதைக்கிறாராம். என்றாவது நாங்கள் சத்துச் சோளம் போடுவதாக இருந்தால் பூக்கும் நாளைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ‘அந்த விதையில் எனக்கும் ஒரு கொத்துக் கொடுத்தால் பேச்சே வேண்டாமே’ என்றார்.

பழைய பண்ணையாள்

அவர் சொன்னதுதான் மிகச் சரியான இடைவெளி. ஒரு கொத்து போதாது. அவர் நிலம் எத்தனை பேர்ச் என்று கேட்டு எழுதுங்கள், விதைக் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.